கலம் யாருடையது? சுக்கான் யாரிடம்?

வெள்ளிக்கிழமை தோறும் கஹ்பு அத்தியாயம் ஓதப்படும் நம் இல்லங்களில், அதில் வரும் படகின் வரலாற்றை அறியாதார் இரார். மூஸா நபி (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஒரு படகில் ஏறினர். ஏற்றிக்கொண்டவர்களின் படகையே ஹிள்ரு (அலை) அவர்கள் பழுதாக்கினார்கள். மூஸா நபி (அலை) அவர்கள் திகைத்து வினவினார்கள். காரணம் பின்னரே வெளிப்பட்டது. அப்படகு கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் சிலருக்குச் சொந்தமானது. நல்ல படகுகளையெல்லாம் வலிந்து பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அவர்களுக்கு அப்பால் இருந்தான். பழுதுற்ற படகை அவன் பற்றமாட்டான். சிறு சேதம் பெருஞ்சேதத்தைத் தடுத்தது.

பிக்ஹு நூல்களைப் பயில்வோர் இவ்வரலாற்றை மற்றோர் இடத்திலும் சந்திப்பர். ஜகாத்துப் பெறுவோரில் 'பகீர்' என்பவர் யார், 'மிஸ்கீன்' என்பவர் யார் என்று பிரித்தறியும் இடம் அது. படகை உடையவர்களையே இறைவன் மிஸ்கீன்கள் என்று குறித்திருக்கின்றான். ஆதலின் மிஸ்கீன் என்பவர் ஒன்றும் இல்லாதவர் அல்லர், உடைமை இருந்தும் போதாமையில் வாழ்பவர் என்று ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் விளக்கினர். படகுக்குச் சொந்தக்காரர் என்றால் செல்வர் என்று கரையில் இருப்போர் எண்ணிவிடுகின்றனர். கடல் வேறு கணக்கு வைத்திருக்கின்றது.

அக்கணக்கையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கலத்தை உடைமையாகக் கொண்டிருப்பது ஒன்று. கலத்தை நடத்துவது மற்றொன்று. இவ்விரண்டையும் கடல் மக்கள் நெடுங்காலமாகப் பிரித்தே வைத்திருந்தனர். இரண்டுக்கும் இடையே இழப்பை யார் தாங்குவது என்ற கேள்வி எக்காலமும் நின்றது. அக்கேள்விக்கு நேர்மையான விடை கண்ட கலங்களே கரை சேர்ந்தன.

தருவைகுளக் கரை

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைக் கடந்து சென்றால் தருவைகுளம் வரும். அதற்கும் வடக்கே வைப்பாறும் வேம்பாறும். கடற்கரையோடு மேலும் சென்றால் கீழக்கரை. தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயலும் காயல்பட்டினமும். எதிரே மன்னார் வளைகுடா. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளுள் வான் தீவு முதலியன இப்பக்கத்தவை. தருவைகுளத்தில் வாழ்வோரில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறித்தவர்களான மீனவர். கடலடியை வாரும் இழுவலையை விடுத்து, செவுள் வலையைக் கொண்டு ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கி மீன் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள் இவர்கள்.

நம் இதழில் இவ்வூருக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். இக்கரையின் கடல் வாழ்வு பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான செல்வம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்த பிறகு முத்துக்குளித்துறையின் பொருட்டு இரு சாராரும் பகைத்துப் போரிட்ட காலமும் உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் காற்றும் நீரோட்டமும் இருவருக்கும் ஒன்றே. கடற்சொற்களும் பெரும்பாலும் ஒன்றே.

அச்சொற்களையே முதலில் நோக்குவோம். 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லுக்குக் கற்பிப்பவர் என்பது பொருள். மதரஸாவில் சிறுவர்க்கு அலிபு, பே சொல்லிக் கொடுப்பவர் முஅல்லிம். அரபுக் கலங்களில் விண்மீனும் ஆழமும் அறிந்து வழி காட்டியவரும் முஅல்லிமே. அச்சொல்தான் தமிழில் 'மாலுமி' ஆயிற்று. 'சுக்கான்' என்பதும் அரபு தந்தது. 'நாகுதா' என்பது பாரசீகம்: 'நாவ்' என்றால் கலம், 'குதா' என்றால் உடையவர். கலத்தின் தொழிலாளர்க்குத் தலைவரான 'தண்டல்' என்ற பெயர், சிற்சில ஒலி மாற்றங்களோடு குஜராத் கரை முதல் நம் கரை வரை வழங்குகின்றது. படகை உடையவரைச் 'சம்மாட்டி' என்பது நம் கரை வழக்கு.

அக்பர் பாதுஷாவின் அவையில் இருந்த அபுல் பஸ்ல், தாம் எழுதிய ஆயினே அக்பரியில், ஒரு பெருங்கலத்தில் பணி செய்வோரை வகைப்படுத்திக் கூறுகின்றார். நாகுதா கலத்திற்கு உரியவர். எங்குச் செல்வது என்பதை முடிவு செய்பவர். முஅல்லிம் ஆழமும் திட்டும் அறிந்து, வானநூலும் கற்று, கலத்தை ஆபத்தின்றி நடத்துபவர். தண்டல் தொழிலாளர்க்குத் தலைவர். கணக்கு எழுதுபவர், சுக்கான் பிடிப்பவர், பாய்மரத்தின் உச்சியிலிருந்து கரையையும் பிற கலங்களையும் நோட்டமிடுபவர், உள்ளே ஊறும் நீரை இறைப்பவர் என்று அப்பட்டியல் நீள்கின்றது. எங்குப் போவது என்பது உடையவரின் விருப்பம். எப்படிப் போவது என்பது கற்றவரின் பொறுப்பு. பணமும் அறிவும் ஒரே கலத்தில் ஏறினாலும் ஒன்றன் இருக்கையில் மற்றொன்று அமரவில்லை.

காயலின் குதிரைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையின் பெருந்துறைமுகம் காயல். பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டிற்குக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். வணிகப் பெருமகனார் ஜமாலுத்தீன் அவர்களுக்கும் பாண்டிய மன்னருக்கும் இடையே இருந்த உடன்படிக்கையை வஸ்ஸாபு என்ற பாரசீக வரலாற்றாசிரியர் குறித்திருக்கின்றார். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அவர்கள் பாண்டியரின் அமைச்சராகவே விளங்கினார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை. வழியில் குதிரை ஊறுபட்டாலும் இறந்துபோனாலும் அதன் விலையை அரசின் கருவூலமே தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

வணிகருக்கு இது மிகவும் ஆதாயமான ஏற்பாடு. ஆனால், இழப்பை முழுவதும் பிறர் தலையில் ஏற்றிவிட்ட பிறகு, நள்ளிரவில் புயலிடையே கீழ்த்தட்டுக்கு இறங்கிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதற்கு ஒருவரைத் தூண்டுவது எது? இறையச்சம் ஒன்றே எஞ்சும். அது இல்லாதவரிடம் எதுவும் எஞ்சாது. ஆதாயத்திற்கு உரியவரே இழப்பிற்கும் பொறுப்பாளி என்ற விதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கிலிருந்தே நம் சட்ட அறிஞர்கள் வகுத்தனர். அவ்விதியின் அருமையைக் கடல் வணிகம் செய்தோர் நன்கு உணர்வர்.

முத்துக்குளிப்பில் வேறு வகையான ஏற்பாடு நிலவியது. மார்க்கோ போலோ கண்ட காலத்தில் வணிகர்கள் குழுவாகச் சேர்ந்து குளிப்போரை அமர்த்தினர். கிடைத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு. கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவர்களுக்கு இருபதில் ஒன்று. பிற்காலத்தில் அரசாங்கமே நடத்திய குளிப்புகளில், கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒன்று குளித்தோர் பக்கம் சென்றது. கீழக்கரை, காயல்பட்டின முஸ்லிம்களும் பரதவரும் ஒரே பாரில் மூழ்கினர். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூழ்குபவரின் உயிர், மேலே கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. மைத்துனனிடமே கயிற்றைக் கொடுக்க வேண்டும் என்பது கரையோர மக்கள் சொல்லி வரும் வழக்கு. தன் உடன்பிறந்தாள் விதவையாவதை எவன் விரும்புவான்? கயிறு பிடிப்பவனுக்கும் இழப்பில் பங்கு இருக்கவேண்டும் என்ற நுட்பம் அவ்வழக்கில் பொதிந்துள்ளது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அந்நுட்பம் நின்றுபோக வேண்டியதில்லை.

முடிச்சிட்ட கயிறு

தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சென்று வந்த வரலாறு பலரும் அறிந்ததே. சோழமண்டலக் கரைத் தோணிக்காரர் கையாண்ட கருவிகளைப் பற்றி, காங்கிரீவ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1850இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சிறு பலகை, அதன் நடுவே ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்திப் பார்ப்பர். கண்ணுக்கும் பலகைக்கும் இடையே எந்த முடிச்சு நிற்கின்றதோ, அதைக் கொண்டு எத்துறைக்கு நேரே கலம் வந்திருக்கின்றது என்பதை அறிவர். அரபு மாலுமிகள் 'கமால்' என்று அழைத்த கருவி இவ்வகையே. நம்மவர் 'இராப்பலகை' என்றனர்.

இக்கருவியின் விலை சொற்பம். எந்தச் சம்மாட்டியும் நூறு பலகை செய்து அடுக்கலாம். ஆனால் முடிச்சை எங்கே போடுவது என்பதைப் பலமுறை போய் வந்தவரே அறிவார். ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், அஹ்மது இப்னு மாஜித் என்ற பெரும் மாலுமி, கடற்கலையின் நெறிகளை விளக்கி அரபியில் ஒரு பெருநூல் எழுதினார். விண்மீன்களையும் பருவக்காற்றுகளையும் விளக்கியதோடு, முஅல்லிமுக்குரிய ஒழுக்கத்தையும் அவர் அதில் எடுத்துரைத்தார். கலையறிவும் ஒழுக்கமும் ஒருவரிடமே அமைய வேண்டும் என்பது அவர்தம் துணிபு.

தலைமையை விட்டுக்கொடுத்த தலைவர்

ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புஸுர்க் இப்னு ஷஹ்ரியார், மாலுமிகள் வாய்மொழியாகக் கூறிய வரலாறுகளைத் தொகுத்து 'அஜாயிபுல் ஹிந்த்' என்ற நூலை ஆக்கினார். அதில் அப்ஹரா என்பவரின் வரலாறு ஒன்று. அவர் கிர்மான் நாட்டில் ஆடு மேய்த்தவர். பின்னர் மீன் பிடித்தார், கலத்தில் கூலியாளாகச் சேர்ந்தார், இறுதியில் சீனக் கடலுக்கு ஏழுமுறை சென்ற தலைமை மாலுமியாக உயர்ந்தார்.

ஒருமுறை, சீனம் நோக்கிச் சென்ற பெருங்கலம் ஒன்று, அசைவற்ற கடலில் தனியே ஒரு சிறு தோணியில் தண்ணீர்த் துருத்தியோடு அமர்ந்திருந்த அப்ஹராவைக் கண்டது. மேலே வருமாறு அழைத்தனர். உங்கள் நிலைதான் என் நிலையினும் மோசமானது என்றார் அவர். ஆயிரம் தீனார் தர வேண்டும், தம் கட்டளைக்கு அனைவரும் கீழ்ப்படிய வேண்டும், அதற்கு உடன்பட்டால் ஏறுவதாகச் சொன்னார். அக்கலத்தின் தலைவரான ஷஹ்ரியாரி தாமும் பேர்பெற்ற மாலுமிதான். எனினும் உடன்பட்டார். அப்ஹரா ஏறியதும் கனத்த சரக்கைக் கடலில் எறியச் சொன்னார், பெரிய பாய்மரத்தை வெட்டச் சொன்னார், நங்கூரங்களை அறுத்துவிடச் சொன்னார். சரக்குக்குரிய வணிகர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! மூன்றாம் நாள் சூறாவளி வந்தது. இலேசாக்கப்பட்ட கலம் அதைத் தாங்கிப் பிழைத்தது.

இவ்வரலாற்றில் அப்ஹராவின் அறிவை அனைவரும் வியப்பர். நாம் ஷஹ்ரியாரியையும் வியக்கின்றோம். தம் கலத்தில், தம் ஆட்கள் முன்னிலையில், தம்மினும் அறிந்தவர் வந்தபோது அவர் ஒதுங்கி நின்றார். ஹிள்ரு (அலை) அவர்களின் படகிலே நாம் கண்ட பாடமும் இதுவே: பிழைப்பதற்கு எதை இழக்கலாம் என்று அறிவது, அறிந்தவர் சொல்லும்போது பொறுத்திருப்பது.

அந்நூலிலேயே வேறொரு மாலுமியின் சொல்லும் பதிவாகியிருக்கின்றது. கலம் நிலைகுலைந்து வணிகர் அஞ்சியபோது, மாலுமிகளாகிய தங்கள் உயிரும் விதியும் கலத்தோடு பிணைந்தவை என்றும், அது வாழ்ந்தால் தாங்கள் வாழ்வதாகவும் அது அழிந்தால் தாங்களும் அழிவதாகவும் அவர் சொன்னார். கடலில் ஒருவரது கட்டளை செல்லுபடியாவதற்கு அவர் இழக்கத் துணிந்ததே அடிப்படை.

பங்குகள் இருந்தன, சுக்கான் இல்லை

நம் தூத்துக்குடியிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1906 அக்டோபரில் சுதேசி நாவிகக் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்கள் வாங்கினார். ஐந்தில் ஒரு பங்கு ஒரு முஸ்லிம் வணிகருடையது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். கம்பெனிக்கு உயிராக விளங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களோ உதவிச் செயலாளர் என்ற பட்டத்தையே ஏற்றிருந்தார். 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார். பங்குகள் இருந்தன, கப்பல்கள் இருந்தன, பங்குதாரர்களும் இருந்தனர். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் ஆங்கிலேயருக்கே விற்கப்பட்டது. வெள்ளை அரசின் கொடுமையும் எதிர்க் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் இதற்குப் பெருங்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், எல்லா இழப்பையும் ஒருவர் தோளிலே வைத்துவிட்டு மற்றவர் கரையில் நிற்கும்போது, அத்தோள் சாய்ந்தவுடன் கலமும் சாய்ந்துவிடுகின்றது. வ.உ.சி. பட்ட இழப்பில் ஒரு சிறு கூற்றை ஒவ்வொரு பங்குதாரரும் ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

வலையும் வாரமும்

படகையோ வலையையோ ஒருவர் தந்து, மற்றொருவர் உழைத்து, கிடைப்பதைப் பங்கிட்டுக்கொள்வது மார்க்கத்தில் செல்லுமா? இமாம் இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620) தம் 'அல்முக்னி'யில் இதையும் எடுத்துப் பேசுகின்றார். வலையைத் தந்து மீனைச் சரிபாதியாகப் பிரிப்பதென்று பேசினால், மீன் முழுவதும் பிடித்தவருக்கே உரியது, வலைக்காரருக்கு நியாயமான வாடகை சேரும் என்பது ஒரு கருத்து. இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் தீர்ப்புகளை ஒப்புநோக்கினால் அக்கூட்டு செல்லும் என்பது மற்றொரு கருத்து. உழைப்பால் பலன் தரும் பொருளைப் பலனில் ஒரு பங்கிற்குக் கொடுப்பது, நிலத்தை வாரத்திற்கு விடுவது போன்றதே என்பது அதன் நியாயம்.

கருத்து வேறுபாடு எவ்வாறாயினும், இரண்டிலும் ஒருவரும் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முளாரபா என்னும் கூட்டில் இழப்பு நேர்ந்தால் முதல் போட்டவர் முதலை இழக்கின்றார். உழைத்தவர் உழைப்பை இழக்கின்றார். அவரவர் தந்ததை அவரவர் இழப்பதே நீதி. உழைப்பையும் இழந்து கடனையும் சுமப்பவர் பங்காளி ஆகமாட்டார். அவரை வேறு பெயரால்தான் அழைக்க வேண்டும்.

இன்றைய கடல்

தருவைகுளத்துப் படகுகளுக்கும் இக்கேள்வி ஓயவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குக் கடல் மூடப்படுகின்றது. வருவாய் நிற்கின்றது, செலவு நிற்பதில்லை. கடல் திறந்த பின்பு டீசலும் பனிக்கட்டியும் உணவுப் பொருளும் ஏற்றிப் பல நாள் பயணம். நம் கரையின் பல ஊர்களில் தண்டல் என்ற பெயர் அருகி 'டிரைவர்' என்ற பெயர் வந்துவிட்டது. பெயர் மாறினும் பொறுப்பு மாறவில்லை. வலை நிறையாமல் திரும்பினால் உடையவர் முகம் வாடும். மேலும் சென்றால் எல்லை குறுக்கிடும், அல்லது வானம் கறுக்கும். அவ்வேளையில் திரும்பு என்று சொல்லும் துணிவு ஓட்டுபவருக்கு வேண்டும். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தாலும் ஏன் என்று சினவாத பெருந்தன்மை உடையவருக்கு வேண்டும்.

2023 அக்டோபரில் இவ்வூர்ப் படகொன்றும் அதிலிருந்த 12 மீனவரும் மாலத்தீவுக் கடற்படையினரால் பிடிக்கப்பட்டனர். மீனவர் விடுவிக்கப்பட்டனர். படகின் மீது 42 இலட்சம் ரூபியா அபராதம் விதிக்கப்பட்டது. அது நம் நாட்டுப் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஆகஸ்டில் இவ்வூரின் 2 படகுகளும் 22 மீனவரும் இலங்கைக் கடற்படையிடம் சிக்கினர். கஹ்பு அத்தியாயத்தின் கொடுங்கோலனோடு இன்றைய நாடுகளை ஒப்பிடுவது முறையன்று. எல்லையைக் காப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை. ஆயினும் படகை இழந்து கரையில் நிற்பவரின் நிலை அன்றும் இன்றும் ஒன்றே. நேற்று வரை முதலாளி எனப்பட்டவர் இன்று மிஸ்கீன். சிறைப்பட்டவரின் வீட்டிலோ அடுப்பு எரிவதே அரிது. இவ்விரு வீடுகளும் ஒன்றையொன்று தாங்க வேண்டிய நாள் அது.

நம் கலங்கள்

நம்மில் பலர் இன்று கடலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். மரக்காயர் என்ற பெயர் இருக்கின்றது, மரக்கலம் இல்லை. எனினும் கடையும் கூட்டு வணிகமும் மதரஸாவும் ஜமாஅத்தும் நம் கலங்களே. பொருள் தந்தவர் என்ற ஒரே காரணத்தால் சுக்கானையும் தாமே பிடிப்பேன் என்பவரை எத்தனை ஊர்களில் காண்கின்றோம்! கற்றவர் என்ற பெருமையில், இழப்பு வரும்போது பொருள் தந்தவரைத் தனியே விட்டுவிடுபவரும் உண்டு. மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மூவருள் செல்வரைத் தேடுமாறு பணிக்கவில்லை.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியொன்று புகாரி ஷரீபில் உள்ளது. ஒரு கலத்தில் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொண்டனர். சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் அமர்ந்தனர். கீழே இருந்தவர் தண்ணீருக்காக மேலே இருந்தவரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தொல்லை தராமல் நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று எண்ணினர். மேலோர் அவர்களைத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவர்.

துளையிட எண்ணியவரின் அறியாமையை நாம் வழக்கமாகப் பேசுகின்றோம். அவர்களுக்குத் தாகம் இருந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். கையைப் பிடித்துத் தடுக்கும் மேல்தட்டார், ஒரு வாளித் தண்ணீரையும் கீழே இறக்கித் தர வேண்டும். அவ்வாளி இறங்கும் கலத்தில் துளையிடும் எண்ணமே எழாது. உடையவரும் நடத்துபவரும் உழைப்பவரும் ஆதாயத்தையும் இழப்பையும் அவரவர் அளவில் பகிர்ந்துகொள்ளும் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கும் ஊர்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.